தலைக்கு அனுப்பிய எண்ணெய்

ஜனவரி 18

சிட்டு,

பார்சலைப் பிரிச்சதும் நைட்டியைத்தான் முதல்ல எடுத்து விரிச்சுப் பாத்திருப்ப. அளவு சரியா இருக்கா? வயிறு பெருக்கப் பெருக்க இளக்கிக்கற மாதிரி ரெண்டு பக்கமும் நாடா வெச்சுத் தெச்சிருக்கேன். எங்க லாண்டரியில கழிச்சுக் கட்டின படுக்கை விரிப்புதான், ஆனா நட்சத்திர ஹோட்டல் விரிப்பு. மகாராணி மாதிரி படுத்துக்கோ.

வாலு உங்க வீட்டுலேர்ந்து வந்த நாள் முதலா ஒரே பாட்டுதான். "அத்தையும் நானும் ஒரே தலகாணியில படுத்தோம், அத்தை எனக்கு பார்லர் மாதிரி பின்னல் போட்டாங்க." பெத்தவ எனக்கே கொஞ்சம் பொறாமை வந்துடுச்சு. அந்த ஒரு வாரம் நீ அவளை வெச்சுக்கலைன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்னு தெரியல. உன் அண்ணன் பஸ்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா பத்து நாள் கழிச்சுதான் வீட்டு வாசலை மிதிக்கிறார். பள்ளிக்கூடத்துல திடீர்னு லீவு விட்டா நான் ஒண்டியா என்ன செய்வேன்? அந்த வாரம்தான் மேற்பார்வை வேலைக்கு என்னை வெச்சுப் பாத்தாங்க. ஒரு நாள் போகாம இருந்திருந்தாலும் அந்த இடத்துல வேற ஒருத்தி உக்காந்திருப்பா. இப்ப எனக்கே கிடைச்சுடுச்சு! பன்னெண்டு பேருக்கு மேல நான். நேத்திக்கு ஒருத்தியை அதட்டிட்டு, நானே போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

பார்சல்ல ஒரு பழுப்பு சீசா இருக்கும் பாரு. தலை அரிக்குதுன்னு போன்ல சொன்னியே, அதுக்குத்தான். எல்லாம் உடம்புச் சூடு. ஞாயித்துக்கிழமை மண்டையில படற மாதிரி அழுத்தித் தேய்ச்சு, துணி கட்டி ஒரு மணி நேரம் ஊற வெச்சு அலசிடு. அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை. வாசனை கொஞ்சம் மருந்து மாதிரிதான் இருக்கும். பார்லர்காரிக்கே நான் முடியைப் பத்திச் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். இருந்தாலும் அண்ணி சொன்னா நாத்தனார் கேக்கணும்.

போன ரெண்டு தடவை நடந்ததை நினைக்காதே. இந்தத் தடவை நாலாம் மாசம் வந்தாச்சு. முழுசா பத்து மாசமும் நிக்கும். நான் சொல்றேன்.

உன் அண்ணி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நைட்டி கச்சிதமா இருக்கு. இவர் பாத்துட்டு, "எந்த ரூம்ல தங்கியிருக்கீங்க மேடம்?"னு கேட்டார்.

போன்ல சொல்ல முடியாத ஒரு விஷயம், அதான் எழுதறேன். இருக்கிறது ஒரே அறை. குசுகுசுன்னு பேசினாலும் இவர் காதுல விழும். இவர்கிட்டகூட இன்னும் சொல்லல.

என் தலையில பேன், அண்ணி.

நேத்து பார்லர்ல ஒரு வங்கி மேனேஜரம்மாவுக்கு முடி வெட்டிக்கிட்டு இருந்தேன். ஆறு வருஷமா என்கிட்டதான் வருவாங்க. கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு இருந்தவங்க, "உன் தோள்ல என்னமோ ஊருதே"ன்னாங்க. வெள்ளைக் கோட்டு மேல எள்ளு மாதிரி ஒண்ணு. எங்க ரெண்டு பேருக்கும் அது என்னன்னு ஒரே நேரத்துல தெரிஞ்சுடுச்சு. அவங்க பாதி வெட்டின தலையோட எழுந்துட்டாங்க.

பார்லர் நடத்தற மேடம் கத்தியிருந்தாகூட தேவலை. அமைதியா என்னை உள்ளே கூட்டிக்கிட்டுப் போய், "வீட்டுக்குப் போ. சுத்தமானதும் சொல்லு"ன்னாங்க. நான் செருப்பு மாட்டும்போதே என் சீப்பு, கத்தரி எல்லாத்தையும் மருந்துத் தண்ணியில முக்கிட்டாங்க. என் நாற்காலி உறையைக் கழட்டிக் குப்பைத் தொட்டியில போட்டாங்க. கூட வேலை செய்யறவங்க யாரும் என் முகத்தைப் பாக்கல.

பார்லருக்கு வர்ற தலையில எதுலேர்ந்தோ தொத்தியிருக்கணும். யாரைச் சொல்லி என்ன? வர்ற வழியில மருந்துக் கடையில கேட்டேன். கடைக்காரர் என் வயித்தைப் பாத்துட்டு, "டாக்டர் சீட்டு இல்லாம உங்களுக்கு நான் எதுவும் தர மாட்டேன்"னுட்டார். டாக்டரைப் பாக்கப் போறது பதினெட்டாம் தேதி. அங்க போய் பேன்னு சொல்லவும் கூச்சமா இருக்கு.

நீங்க அனுப்பின எண்ணெயைப் போன ஞாயிறு தேய்ச்சேன். காது ஓரமெல்லாம் எரிஞ்சுது, கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அலசும்போது கறுப்பா ரெண்டு மூணு தண்ணியில போச்சு. ஏதோ தூசின்னு விட்டுட்டேன், இப்பத்தான் என்னன்னு புரியுது. அது என்ன எண்ணெய் அண்ணி? வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாதே? நீங்க சரின்னு எழுதினா இன்னொரு தடவை தேய்க்கிறேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்.

இன்னொண்ணு. வாலு என்கூடவே படுத்தா இல்ல? என் தலையிலேர்ந்து அவளுக்குப் போயிருக்குமோன்னு மனசு அடிச்சுக்குது. பிள்ளை தலையை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடுங்க. அப்படி இருந்தா என்னை மன்னிச்சுடுங்க.

சிட்டு


பிப்ரவரி 2

சிட்டு,

அவசரமா எழுதறேன், ரெண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பணும்.

வாலு தலை சுத்தமா இருக்கு. அதைப் போட்டு உழப்பிக்காதே. பார்லர்னா நாலு தலை வரும், நாலுல ஒண்ணு இப்படி இருக்கும். உன் மேடத்துக்குத் தெரியாததா? சும்மா உன்னைப் பலிகடா ஆக்கியிருக்காங்க.

எண்ணெய் ஒண்ணும் செய்யாது. எல்லாம் இலை தழைதான். எரிஞ்சா கொஞ்சமா தேய், அரை மணியில அலசிடு. ஆனா பாதியில விட்டுடாதே. ஒரு தடவையோட நிறுத்தினா ஈரு பொரிச்சு மறுபடியும் கிளம்பும். டாக்டர்கிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதே. நம்ம மானம்தான் போகும்.

நல்லா சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 13

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மூணு நாளா யோசிச்சேன். "அன்புள்ள அண்ணிக்கு"ன்னு எழுத கை வரல. உங்க நம்பரையும் போன்ல தடுத்து வெச்சிருக்கேன். பேசினா நான் அழுவேன், நீங்க பேச்சை மாத்துவீங்க.

ஞாயித்துக்கிழமை காலையில உங்க கடிதத்தை இன்னொரு தடவை படிச்சுட்டுதான் தேய்ச்சேன். கொஞ்சமாத்தான். கால் மணி நேரம்கூட ஆகல. தலை கிர்ருன்னு சுத்துச்சு. கை நடுங்க ஆரம்பிச்சுது. வாந்தி நிக்கல. இவர் ரெண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்துல லிஃப்டைப் பிரிச்சுப் போட்டு வேலை பாத்துக்கிட்டு இருந்தார். கிரீஸ் கையோட ஓடி வந்து என்னைத் தூக்கிக்கிட்டுப் போனார். அவர் சட்டையில என் தலை பட்ட இடமெல்லாம் அந்த நாத்தம்.

ஆஸ்பத்திரியில டாக்டர் முதல்ல கேட்டதே, "தலையில என்ன போட்டீங்க?"

"எண்ணெய்"னேன்.

அங்க ஒரு வயசான நர்ஸம்மா. குனிஞ்சு என் உச்சந்தலையை மோந்து பாத்தாங்க. "இது எண்ணெய் இல்லம்மா. எண்ணெயில பூச்சிமருந்தைக் கலந்திருக்கு. எங்க வாங்கினீங்க?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எங்க அண்ணி குடுத்தாங்க. அவங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க." அந்த வார்த்தை இன்னும் என் வாயில கசக்குது.

மூணு தடவை என் தலையை அலசிவிட்டாங்க. அப்புறம் வயித்துல கருவியை வெச்சு இதயத்துடிப்பைத் தேடினாங்க. முன்னாடி ரெண்டு தடவையும் இப்படித்தான் தேடிக்கிட்டே இருந்தாங்க, ஞாபகம் இருக்கா? ரெண்டாவது தடவை என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்க. இந்தத் தடவை இவர் நின்னார். கிடைச்சுடுச்சு. குதிரை ஓடற மாதிரி ஒரு சத்தம். இவர் அங்கேயே தரையில உக்காந்துட்டார்.

அப்பவும் நான் உங்களைச் சந்தேகப்படல. கடைக்காரன் ஏமாத்திட்டான், அண்ணிக்குச் சொல்லணும், வாலு தலையிலயும் அதைத் தேய்ச்சுடப் போறாங்கன்னுதான் செவ்வாய்க்கிழமை போன் பண்ணேன். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. வீட்டு போனை வாலுதான் எடுத்தா.

"அந்தப் பழுப்பு சீசா எண்ணெயைத் தொடாதே கண்ணு"ன்னேன்.

"ஐயோ, அந்த எரியற எண்ணெயா? உங்க வீட்டுலேர்ந்து வந்தப்புறம் அம்மா எனக்குப் போட்டாங்க அத்தை. நான் கத்தினேன். ஆனா பேனெல்லாம் செத்துடுச்சு."

"உனக்கு ஏது பேன்?"

"டீச்சர்தான் பாத்தாங்க. பேன் போனப்புறம் வான்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அதான் நான் உங்க வீட்டுக்கு வந்தேன். அத்தைகிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க." அப்புறம் சின்னக் குரல்ல, "இப்ப நான் சொல்லிட்டேன் இல்ல?"ன்னா.

அவளை அடிக்காதீங்க. திட்டவும் திட்டாதீங்க. உங்க வீட்டுல எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவதான். அவளுக்கு ஏழு வயசு.

பள்ளிக்கூடத்துல லீவு விடல. தலை சூட்டால அரிக்கல. சீசாவில இலை தழை இல்ல. நீங்க எழுதின ரெண்டு கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். நைட்டி அளவைத் தவிர எது உண்மைன்னு தெரியல.

பேனுக்காக நான் கோவப்படல. பிள்ளைங்க தலைன்னா பேன் வரும். சொல்லியிருந்தா நான் அவளை வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? மடியில படுக்க வெச்சு நானே வாரி எடுத்திருப்பேனே. என் தொழிலே தலைதானே. அவகிட்டேர்ந்து எனக்குத் தொத்தினது தெரிஞ்சும், நான் தும்மக்கூடப் பயந்து வாழற நேரத்துல, எனக்கே தெரியாம எனக்கு மருந்து போட்டிருக்கீங்க. எரியுதுன்னு நான் கேட்டப்புறமும் விட்டுடாதேன்னு எழுதியிருக்கீங்க.

என் தலையிலேர்ந்து வாலுவுக்குப் போயிருக்குமோன்னு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டிருந்தேன். அந்த வரியைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோணுச்சு? அதை மட்டும் தெரிஞ்சுக்கணும்.


பிப்ரவரி 19

சிட்டு,

தப்புதான். காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், தப்புதான்.

ஆனா என் பக்கத்தையும் கேளு. அந்தச் சீட்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை எனக்கு மேற்பார்வை வேலையில முதல் நாள். போன வருஷம் எங்க லாண்டரியில ஒருத்திக்குக் கையில சொறி வந்துது. விருந்தாளிங்க படுக்கிற விரிப்பைத் தொடற கைன்னு சொல்லி அன்னிக்கே அனுப்பிட்டாங்க. என் பொண்ணு தலையில பேன்னு தெரிஞ்சா என்னை உள்ளே விடுவாங்களா? பக்கத்து வீட்டுல விடலாம்னா, ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுடுவா. எனக்கு உன்னை விட்டா யாரு?

உன்கிட்ட சொல்லத்தான் நினைச்சேன். பஸ் ஏத்திவிடும்போதுகூட வாய் வரைக்கும் வந்துது. மத்தவங்க வீட்டு அழுக்கைப் பாத்தா மூக்கைச் சுளிக்கிறவ நான். உனக்கே தெரியும். என் வீட்டுலயேன்னு சொல்ல நாக்கு எழும்பல. அப்புறம் நீ தலை அரிக்குதுன்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு. எப்படியாவது உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி சரி பண்ணிடணும்னு தோணுச்சு, அவ்வளவுதான். வாலுவுக்கு ஒரே தடவையில போயிடுச்சு, உனக்கும் போயிடும்னு நினைச்சேன். கடைக்காரன் நல்ல மருந்துன்னான். தெரியாம செஞ்சுட்டேன் சிட்டு. தெரிஞ்சு உனக்குக் கெடுதல் செய்வேனா? உன் வயித்துல இருக்கிறது எனக்கும் பிள்ளை மாதிரிதானே.

நல்லவேளை, ஒண்ணும் ஆகல. அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோ.

ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உன் அண்ணன்கிட்ட சொல்லாதே. தங்கச்சின்னா அவருக்கு உயிர். முந்தி ரெண்டு தடவையும் உனக்காக அழுத மனுஷன். இது தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டார். ஒரு குடும்பம் உன் கையில இருக்கு.

வாலுவை நான் ஒரு வார்த்தை சொல்லல.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

வாலுவுக்காகத்தான் எழுதறேன். அவ தலையில மறுபடியும் ஊருதுன்னு அண்ணன் போன்ல சொன்னார். சாதாரணமா, சிரிச்சுக்கிட்டே சொன்னார். அவருக்கு வேற எதுவும் தெரியலன்னு எனக்குப் புரிஞ்சுது. நானும் எதுவும் சொல்லல.

நர்ஸம்மா எனக்குச் சொல்லிக் குடுத்ததை அப்படியே எழுதறேன், அவளுக்கும் இதையே செய்யுங்க. அந்தச் சீசாவை யாரும் எடுக்காத மாதிரி குப்பையில போடுங்க. முடியை நல்லா நனைச்சு, கண்டிஷனர் நிறைய பூசணும். பேனுக்கு வழுக்கிடும், ஓட முடியாது. நெருக்கமான பல்லு இருக்கிற பேன்சீப்பால, கொஞ்சம் கொஞ்சமா முடியைப் பிரிச்சு, வேர்லேர்ந்து நுனி வரைக்கும் வாரணும். ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில துடைச்சுப் பாக்கணும். காது பின்னாடியும் பிடரியிலயும்தான் அதிகம் இருக்கும். மூணு நாளைக்கு ஒரு தடவை, குறைஞ்சது ரெண்டு வாரம் விடாம. ஈரு பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால இடையில நிறுத்தக் கூடாது. வரிசையா மூணு தடவை துணியில எதுவும் வரலைன்னாதான் போச்சுன்னு அர்த்தம். சீப்பைச் சுடுதண்ணியில போடுங்க. வீட்டுல இருக்கிற எல்லார் தலையையும் ஒரே நாள்ல பாருங்க.

எனக்கு இவர்தான் வாரிவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்கு மேல. பட்டப்பகல்ல ஜன்னல் ஓரமா என்னை உக்கார வெச்சு, லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது நெத்தியில கட்டிக்கிற விளக்கைக் கட்டிக்கிட்டார். "கயிறுல ஒரு இழை அறுந்திருந்தா கண்டுபிடிக்கிறவன் நான், இதுங்க எங்க போயிடும்?"னார். முதல் நாள் முப்பத்தொண்ணு. ரெண்டாவது தடவை பதினாலு. இவருக்கும் இருந்துது, நாலு. இவர் தலையை நான் மொட்டையே அடிச்சு விட்டேன், பார்லர்காரியைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த லாபமாவது கிடைச்சுது. போன வாரத்தோட மூணு தடவை துணி சுத்தமா வந்துடுச்சு.

சீப்பால போகலைன்னா மருந்து இருக்காம் அண்ணி. கர்ப்பிணிங்க போடக் கூடியதே இருக்குதாம், டாக்டர் பாத்துத் தேர்ந்தெடுத்துக் குடுப்பாராம். பேன் ரத்தத்தை உறிஞ்சுமே தவிர வயித்துப் பிள்ளையை ஒண்ணும் பண்ணாதாம். "இதைக் கேக்கவா இத்தனை வெக்கப்பட்டீங்க?"ன்னு டாக்டர் சிரிச்சார். கூச்சப்படாம போய்க் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அதுல என் தப்பும் இருக்கு, இல்லைங்கல.

மேடம் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஆனா கத்தரி கையில தரல. வாசல் மேஜையில உக்காந்து பேர் எழுதற வேலை. அந்த மேனேஜரம்மா போன வாரம் வந்தாங்க. என்கிட்ட பேர் குடுத்துட்டு, வேற பொண்ணுகிட்ட போய் உக்காந்தாங்க.

குழந்தை நல்லா இருக்கு. போன புதன்கிழமை முதல் முதலா அசைஞ்சுது. இதை நான் முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு ரொம்ப நாளா வெச்சிருந்தேன். சொல்லாம ஆறு நாள் இருந்து பாத்தேன். முடியல.

நீங்க இல்லாம இருக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு. அண்ணன் கூடப் பிறந்தவர், அதனால சொந்தம். நீங்க அப்படி இல்ல. நாம ரெண்டு பேரும் ஆசைப்பட்டுச் சேர்ந்துக்கிட்டோம். தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதியிருந்தீங்க. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தெரியாம செஞ்சதுன்னா நான் இதைத் தாண்டி வந்துடுவேன்னு தோணுது.

அதனால கேக்கிறேன். வாங்கும்போது, கர்ப்பமா இருக்கிறவளுக்கு ஆகுமான்னு கடைக்காரன்கிட்ட கேட்டீங்களா? கேக்கத் தோணலைன்னா அதையே எழுதுங்க. எனக்கு அது போதும்.

சிட்டு


மார்ச் 17

சிட்டு,

கேக்கத் தோணலைன்னு எழுதினா போதும்னு நீயே வழி காட்டியிருக்க. ரெண்டு நாள் அந்த வழியில போகப் பாத்தேன். அப்படி ஒரு கடிதம்கூட எழுதி, உறையில போட்டு ஒட்டிட்டேன். கிழிச்சுப் போட்டேன்.

கேட்டேன்.

"நாலு மாசம் முழுகாம இருக்கிற பொண்ணுக்குப் போடலாமா?"ன்னு கேட்டேன். கடைக்காரர் சீசாவை என் கையிலேர்ந்து திரும்ப வாங்கிக்கிட்டார். "போடவே கூடாதும்மா. அவங்களை டாக்டர்கிட்ட அனுப்புங்க"ன்னார். "இல்ல, எனக்கும் என் பொண்ணுக்கும்தான்"னு சொல்லி வாங்கிக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பாதிக்குப் பாதி நல்ல எண்ணெயைக் கலந்தேன். பாதி விஷம் விஷம் இல்லைன்னு என் மனசுக்கு நானே சொல்லிக்கிட்டேன். சீசா மேல இருந்த தாளை வெந்நீர்ல ஊற வெச்சு உரிச்சேன். அதுல எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் உரிச்சேன்.

பிப்ரவரியில எழுதின கடிதத்துல ஒரு கேள்வி கேட்டிருந்த, நான் பதில் சொல்லல. நீ என்கிட்ட மன்னிப்பு கேட்ட வரியைப் படிச்சப்ப என்ன தோணுச்சுன்னு. அப்பாடான்னு இருந்துது. அதுதான் தோணுச்சு. இவளுக்குத் தெரியல, தப்பிச்சோம்னு. அடுத்த நாள்தான் அழுதேன். அதுக்குள்ள பதிலைப் போஸ்ட் பண்ணிட்டேன்.

நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உன் அண்ணனை வெச்சு உன்னை மிரட்டினேன். ஒரு குடும்பம் உன் கையில இருக்குன்னு எழுதினேன். உன் வயித்துல இருந்த குடும்பம் என் கையில இருந்தப்ப நான் என்ன செஞ்சேன்? சனிக்கிழமை அவர் வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கத்தல, அடிக்கல. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் கையைக் கழுவிக்கிட்டு, "கடைக்காரர் வேண்டாம்னது அவளுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். "நான்தான் சொல்லப் போறேன்"னேன். "முதல்ல அதைச் செய்"னுட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டார். நாலு நாளா வாலு மூலமாத்தான் பேச்சு. "அம்மாகிட்ட சட்டை எங்கன்னு கேளு." "அப்பாகிட்ட கொடியில இருக்குன்னு சொல்லு." ரெண்டு அடி தூரத்துல நிக்கிறோம்.

வாலுவுக்கு நீ சொன்ன மாதிரியே வாரறேன். ரெண்டு தடவை ஆச்சு. எல்லார் தலையையும் பாருன்னு எழுதியிருந்த. என் தலையிலயும் இருக்கு சிட்டு. ரெண்டு மாசமா இருக்கு. பன்னெண்டு பேருக்கு முன்னாடி சொறியாம நிக்கக் கத்துக்கிட்டேன். என் பிடரியை நானே பாத்துக்க முடியல. பாருன்னு சொல்ற அளவுக்கு நெருக்கமா யாரும் இல்ல. வாலு ஸ்டூல் மேல நின்னு பாக்கிறா. "அம்மா, அசையாதீங்க"ன்னு என்னை அதட்டறா.

தெரியாம செய்யல. தெரிஞ்சுதான் செஞ்சேன். நீ கேட்டதுக்கு இதுதான் பதில்.

அண்ணின்னு கையெழுத்துப் போட எனக்கும் கை வரல.


ஜூலை 24

அண்ணி,

உங்க மார்ச் மாசக் கடிதத்துக்கு நான் பதில் எழுதல. நாலு தடவை ஆரம்பிச்சேன். ஒரு தடவை ரொம்ப மோசமா எழுதினேன், அதை நல்லவேளையா இவர் போஸ்ட் பண்ணல.

பதினாறாம் தேதி பெண் குழந்தை பிறந்தா. மூணு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைச்சல். கை, கால், கண், காது எல்லாத்தையும் டாக்டர் பாத்துட்டார். எல்லாம் சரியா இருக்கு. பிறந்ததுமே நான் கேட்டது "அழுதாளா?"ன்னு இல்ல. "அந்த மருந்தால எதுவும் ஆகியிருக்கா?"ன்னு. அஞ்சு மாசமா தினமும் அதைத்தான் வயித்துல சுமந்தேன், அவளோட சேர்த்து. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போகும்போது மத்தவங்க பையனா பொண்ணான்னு யோசிப்பாங்க. நான் விரலை எண்ணுவேன். அது உங்களுக்குத் தெரியணும்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைத் தூக்கிட்டு, என் பக்கத்துல திரும்பப் படுக்க வெச்சார். அப்புறம், "அவ வரலாமான்னு கேக்கச் சொன்னா"ன்னார். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு வந்துடுச்சுன்னு அதுலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டேன். சந்தோஷம்தான்.

யோசிச்சுப் பாத்தேன். நீங்க உண்மையை எழுதாம இருந்திருந்தா நான் மார்ச்சிலேயே உங்களை மன்னிச்சிருப்பேன். இந்நேரம் நீங்க இங்க உக்காந்து குழந்தைக்குத் துணி மடிச்சுக்கிட்டு இருப்பீங்க. உண்மையைச் சொன்னதாலதான் இன்னும் வெளியே நிக்கிறீங்க. அது நியாயமான்னு எனக்குத் தெரியல. ஆனா பொய்யைச் சொல்லிட்டு உள்ளே வந்திருந்தா, என்னிக்காவது அது எனக்குத் தெரிஞ்சிருந்தா, நான் செத்தே போயிருப்பேன்.

ஞாயித்துக்கிழமை வாங்க. வாலுவையும் கூட்டிக்கிட்டு வாங்க. வந்து பாருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. என்கூடப் பேசுங்க, நானும் பேசறேன்.

குழந்தையை உங்க கையில தர மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க. பக்கத்துல உக்காந்து பாக்கலாம். வாலு தூக்கிக்கட்டும், தலையைப் பிடிக்க நான் சொல்லித் தரேன்.

பேனுக்குப் பயந்துன்னு நீங்க நினைச்சுக்கலாம், மத்தவங்ககிட்ட அப்படியே சொல்லியும் சமாளிக்கலாம். ஆனா நமக்குள்ள இனி ஒரு பொய்யும் வேண்டாம்னுதான் முன்கூட்டியே எழுதறேன். பேனுக்காக இல்ல, அண்ணி.

சிட்டு